ரொட்டிக்காரர் தொடங்கிய நூலகம்

(பள்ளி விளையாட்டு ஆசிரியர் ஒருவரின் நினைவாக நூலகம் அமைப்பதற்கான ஆலோசனைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, மாஸ்டரின் குடும்பத்தாரே, அவரிடம் பந்தடிக்கக் கற்று இன்று தலை நரைத்து உட்கார்ந்திருக்கும் மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாஸ்டரின் பெருமையை எனக்கு முன்னால் பேசியவர்கள் மனம் நிறையச் சொல்லிவிட்டார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. அவர் பெயரில் விளையாட்டு நூலகம் ஒன்று வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள். நல்ல எண்ணம். ஆனால் நினைவு நூலகங்கள் பிறப்பதை மட்டுமல்ல, சாவதையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார், மாலை விழும், புகைப்படம் வரும். மூன்றாம் ஆண்டு போய்ப் பார்த்தால் பூட்டுத் துருப்பிடித்திருக்கும். அப்படிச் சாகாமல், நான்கு முறை கைமாறியும் பிழைத்துக்கொண்ட ஒரு விளையாட்டு நூலகத்தின் கதையை இன்று சொல்லப் போகிறேன். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் கதை.

1931. அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம் தலைவிரித்தாடிய காலம். அந்த நேரத்தில் பால் ஹெல்ம்ஸ் என்பவர் துணிந்து ஒரு ரொட்டித் தொழிற்சாலை தொடங்கினார். அவர் ரொட்டியைக் கடையில் வாங்க முடியாது. மஞ்சளும் நீலமும் பூசிய வண்டிகள் தெருத்தெருவாக விசில் ஊதிக்கொண்டு வரும். வேண்டுமென்றால் ஜன்னலில் 'எச்' எழுத்துப் போட்ட அட்டையை வைத்தால் போதும், வண்டி வாசலில் நிற்கும். ஓட்டுநர் பின்பக்கம் போய் நீளமான மர இழுப்பறையை வெளியே இழுப்பார். உள்ளே டோனட்டும் பன்னும் வரிசையாக அடுக்கியிருக்கும். அந்த ஊரில் வளர்ந்த கிழவர்கள் இன்றும் அந்த இழுப்பறையின் வாசனையைப் பற்றி எழுதுகிறார்கள்.

அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக். வீரர்கள் தங்கிய ஒலிம்பிக் கிராமத்துக்கு ரொட்டி கொடுக்கும் வாய்ப்பு ஹெல்ம்ஸுக்குக் கிடைத்தது. மனிதர் விடுவாரா? 'ஒலிம்பிக் ரொட்டி' என்று விளம்பரம் செய்தார். ஒலிம்பிக் சின்னத்தையும் பெயரையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதா என்று பிற்காலத்தில் அமெரிக்க ஒலிம்பிக் நிர்வாகிகள் அவரோடு நெடுநாள் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் அவர் விட்டுக்கொடுத்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கொடை கொடுப்பவரின் மனத்துக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டாம். விளையாட்டின் மேல் அவருக்கு உண்மையான பிரியம் இருந்தது, வியாபாரக் கணக்கும் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் ஒரு நூலகத்துக்கு விதை போட்டன.

ஆனால் விதையைக் கொண்டுவந்தவர் அவர் அல்ல. பில் ஷ்ரோடர் என்று ஒருவர், வங்கியில் சாதாரண வேலை பார்த்தவர், விளையாட்டுப் பைத்தியம். சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்க வேண்டும், அவர்களைப் பற்றிய ஆவணங்களை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்பது அவர் கனவு. கையில் காசு இல்லை. ரொட்டிக்காரரிடம் போனார். 1936-ல் இருவரும் சேர்ந்து ஹெல்ம்ஸ் விளையாட்டு அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். பணம் ஹெல்ம்ஸுடையது, உழைப்பு ஷ்ரோடருடையது. 1948-ல் வெனிஸ் சாலையில், ரொட்டித் தொழிற்சாலைக்கு அருகிலேயே 'ஹெல்ம்ஸ் ஹால்' என்று தனிக் கட்டடம் எழுந்தது. கோப்பை, பதக்கம், புகைப்படம், போட்டி நிகழ்ச்சிநிரல், புத்தகம் என்று வந்ததெல்லாம் அங்கே சேர்ந்தது.

ஷ்ரோடர் வேடிக்கையான மனிதர். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 1901 முதல் எந்தெந்த ஆண்டு எந்த அணி சாம்பியன் என்று, ஆடியவர்களெல்லாம் பேரன் பேத்தி எடுத்த பிறகு, பின்தேதியிட்டு அறிவித்தார். குழு என்று பெயர்தான், பெரும்பாலும் அவர் ஒருவரே குழு. இதை இன்றைக்குப் பல்கலைக்கழகங்கள் சிரித்து ஒதுக்கவில்லை. கான்சாஸ் பல்கலைக்கழகம் 1922, 1923 பட்டங்களையும், வட கரோலினா பல்கலைக்கழகம் 1924 பட்டத்தையும் அரங்கத்தில் பதாகையாகத் தொங்கவிட்டிருக்கின்றன. எனக்கு அந்தத் தீர்ப்புகளில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் தீர்ப்புச் சொல்வதற்காக அவர் தேடிச் சேர்த்த காகிதங்களின் மேல் பெரிய மரியாதை உண்டு.

1957-ல் ஹெல்ம்ஸ் காலமானார். 1969-ல் தொழிற்சாலையும் மூடப்பட்டது. வாசலுக்கு வண்டி அனுப்பி ரொட்டி விற்றால் சூப்பர் மார்க்கெட்டோடு போட்டி போட முடியுமா? நம் ஊர் நினைவு நூலகம் என்றால் கதை இந்த இடத்தில் முடிந்திருக்கும். பழைய பேப்பர்காரர் வந்து எடை போட்டிருப்பார்.

அங்கே என்ன நடந்தது என்றால், 1970-களில் யுனைடெட் சேவிங்ஸ் என்ற நிதி நிறுவனம் அறக்கட்டளையை ஏற்றுக்கொண்டது. கொஞ்ச காலத்தில் சிட்டிசன்ஸ் சேவிங்ஸ். 1980-களின் தொடக்கத்தில் ஃபர்ஸ்ட் இன்டர்ஸ்டேட் வங்கி. ஒவ்வொரு முறையும் வாசலில் பெயர்ப் பலகை மாறியது. தொகுப்பு மட்டும் பிரியாமல் மொத்தமாகக் கைமாறியது. கோப்பைகள் ஒரு பக்கம், புகைப்படங்கள் ஒரு பக்கம் என்று ஏலம் விட்டிருந்தால் நல்ல காசு பார்த்திருக்கலாம். அப்படி விடவில்லை என்பதுதான் இந்தக் கதையில் நான் அடிக்கோடிட விரும்பும் இடம்.

அடுத்து வந்தது 1984. மான்ட்ரியால் நகரம் 1976 ஒலிம்பிக்கை நடத்திவிட்டு அந்தக் கடனை அடைக்க முப்பது ஆண்டுகள் தவித்தது. அதைப் பார்த்துப் பயந்த ஊர்களெல்லாம் ஒதுங்கிக்கொள்ள, 1984-க்குக் களத்தில் நின்றது லாஸ் ஏஞ்சலஸ் மட்டுமே. நகர மக்களும் வரிப்பணத்தைத் தொடக்கூடாது என்று வாக்களித்துவிட்டார்கள். அதனால் தனியார் பணத்திலேயே போட்டியை நடத்த வேண்டியிருந்தது. அமைப்புக் குழுவின் நிர்வாகத்தைப் பீட்டர் யூபெரோத் பார்த்தார், தலைவராகப் பால் ஸிஃப்ரன் என்ற வழக்கறிஞர் இருந்தார். லாபம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார்கள். அப்போது அதைப் பெரிதாக யார் எடுத்துக்கொண்டிருப்பார்கள்? முடிவில் 23 கோடியே 25 லட்சம் டாலர் மிஞ்சியது. அதில் நாற்பது சதவீதம், சுமார் 9 கோடியே 30 லட்சம் டாலர், தெற்குக் கலிஃபோர்னியாவின் இளைஞர் விளையாட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதற்காகவே ஓர் அறக்கட்டளை உருவானது. அதுதான் 2007 முதல் எல்.ஏ.84 பவுண்டேஷன் என்று அழைக்கப்படுகிறது.

பந்து, மட்டை, பயிற்சியாளர் சம்பளம் என்று செலவழிக்க எத்தனையோ இருந்தும், அவர்கள் ஒரு நூலகத்துக்கும் இடம் கொடுத்தார்கள். ஷ்ரோடரின் தொகுப்பு 1980-களின் நடுவில் அங்கே வந்து சேர்ந்தது. 1988-ல் நூலகம் திறந்தது. அதற்குப் பெயர் பால் ஸிஃப்ரன் விளையாட்டு ஆதார மையம். ஸிஃப்ரன் 1991-ல் காலமானார். நூலகம் அவர் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. ஹெல்ம்ஸ் பெயரில் இன்று அந்த ஊரில் மிஞ்சியிருப்பது பழைய தொழிற்சாலைக் கட்டடம். உள்ளே மேசை நாற்காலி விற்கிறார்கள். சேர்த்தவர் ஒருவர், செலவழித்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் இன்னொருவர். மாஸ்டர் குடும்பத்தார் என்னைத் தவறாக நினைக்கக் கூடாது. பெயர் விஷயத்தில் கொஞ்சம் பெருந்தன்மையாக இருங்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

சரி, அந்த நூலகம் உலகத்துக்கு என்ன செய்தது? ஒவ்வொரு ஒலிம்பிக் முடிந்ததும் அதை நடத்திய குழு ஓர் அதிகாரபூர்வ அறிக்கை வெளியிடும். செங்கல் கனத்தில் புத்தகங்கள். குறைந்த பிரதிகளே அச்சாகும், பெரிய நூலகங்களில்கூட முழு வரிசை கிடைக்காது. இந்த நூலகம் அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டது. நூறாண்டுப் பழைய விளையாட்டுப் பத்திரிகைகளையும் சேர்த்துப் போட்டது. லாஸ் ஏஞ்சலஸ் போக விசாவும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். இந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கைப்பேசியில் படிக்கலாம்.

இரண்டு ஒலிம்பிக்குகளை மட்டும் சொல்கிறேன். 1932-ல் ஹாக்கிக்கு வந்தவை மூன்றே அணிகள். இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. இந்தியா ஜப்பானை 11-1 என்றும், அமெரிக்காவை 24-1 என்றும் வென்றது. ரூப் சிங் பத்துக் கோல், அண்ணன் தியான் சந்த் எட்டுக் கோல். இது நமக்கெல்லாம் மனப்பாடம். நாம் மறந்துவிடுவது, அமெரிக்கா ஜப்பானிடமும் 2-9 என்று தோற்றது என்பதை. ஆடிய இரண்டிலும் தோற்று வெண்கலம் வாங்கிய அணி அது! பெருமை மட்டும் பேசுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், முழு அட்டவணையைப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது 1984-க்கான அறிக்கை. பெண்கள் 400 மீட்டர் தடையோட்டம் ஒலிம்பிக்கில் முதல் முறையாக நடந்த ஆண்டு அது. இறுதிப் போட்டியில் முதலிடம் மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில், 54.61 விநாடி. இரண்டாவது அமெரிக்காவின் ஜூடி பிரவுன், 55.20. மூன்றாவது ருமேனியாவின் கிறிஸ்தியானா கொஜோகாரு, 55.41. அதற்குக் கீழே பி.டி. உஷா, 55.42. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு. அன்று வானொலியில் கேட்டு நாடே அழுதது. உஷா ஓடிய அதே போட்டிகளில் மிஞ்சிய பணத்தில்தான் இந்த நூலகம் எழுந்தது. ஒலிம்பிக்கை நடத்தியவர்கள் தங்கள் ஆவணத்தைப் பத்திரப்படுத்திவிட்டார்கள். ஆனால் உஷாவைப் போல மாவட்டப் போட்டியில், மாநிலப் போட்டியில் ஓடிய நம் பெண்களின் நேரம் எங்கே எழுதியிருக்கிறது? மாஸ்டர் ஸ்டாப் வாட்ச்சில் பிடித்து நோட்டில் எழுதிய நேரங்கள், அந்த நோட்டு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் புத்தகம், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று ஆயுள் முழுக்கச் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்ததும் சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பைச் சிதறவிடாமல் விலைக்கு வாங்கி, கடல் கடத்தாமல், 1994-ல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைய வழிசெய்தது.

இனி நம் வேலைக்கு வருவோம். நூலகத்தை மைதானத்தின் கேலரிக்குக் கீழே உள்ள அறையில் வைக்கலாம் என்று சிலர் சொன்னீர்கள். வேண்டாம். ஜப்பானில் இளவரசர் சிச்சிபு விளையாட்டுப் பிரியர், 1953-ல் காலமானார். 1959-ல் டோக்கியோ தேசிய விளையாட்டரங்கத்துக்குள்ளேயே அவர் நினைவாக அருங்காட்சியகமும் நூலகமும் திறந்தார்கள். 2020 ஒலிம்பிக்குக்காக அரங்கத்தை இடிக்க முடிவானதும், 2014-ல் அதை மூடி, சாமான்களை வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அவர்களாவது பொறுப்பாகக் கட்டி எடுத்துப் போனார்கள். நம் கேலரிக்குக் கீழே ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும், உங்களுக்கே தெரியும்.

வசூலாகும் பணத்தில் கட்டடத்துக்குப் பாதிக்கு மேல் போகக் கூடாது. மீதியைப் பதிவு செய்த அறக்கட்டளையின் பெயரில் வைப்புநிதியாகப் போடுங்கள். வட்டியில் ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். சம்பளம் வாங்காத நூலகர் ஆறு மாதம் வருவார், அப்புறம் அவர் வீட்டில் ஒரு கல்யாணம் வரும். அறக்கட்டளைப் பத்திரத்தில் ஒரு வரி மறக்காமல் எழுதுங்கள். என்றைக்காவது நடத்த முடியாமல் போனால், தொகுப்பைப் பிரிக்காமல் மொத்தமாக இன்னொரு நூலகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

வாங்கும் புத்தகங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அவை எங்கும் கிடைக்கும். கிடைக்காதவற்றைக் கேளுங்கள். கபடிப் போட்டி நோட்டீஸ், கைப்பந்து ஸ்கோர் ஷீட், மாவட்ட அணித் தேர்வுப் பட்டியல், பரிசளிப்பு விழா அழைப்பிதழ். பழைய சான்றிதழை லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. குண்டூசியை எடுத்துவிடுங்கள், துரு காகிதத்தைத் தின்னும். அணிப் புகைப்படத்தின் பின்னால் நிற்பவர்கள் பெயரை இடமிருந்து வலமாக மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். பெயர் சொல்லக்கூடியவர்கள் இன்றைக்கு இந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால் அந்த வேலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.

சிலர் வீட்டிலிருந்து நோட்டும் படமும் கொண்டுவந்திருப்பதாகத் தலைவர் சொன்னார். வெளியே வராந்தாவில் மேசை போட்டு வரவுப் பதிவேட்டைத் திறந்து வைத்திருக்கிறேன். கொடுப்பவர்கள் வரிசை எண்ணைக் கேட்டு, கையெழுத்துப் போட்ட ரசீதை வாங்கிக்கொண்டு போகலாம். நன்றி, வணக்கம்.