சுழல் கீறலும் முதல் போலிஷ் மெஷினும்

வணக்கம் நேயர்களே.

கறுப்பு மைவி கார் வைத்திருப்பவர்களுக்கு இன்றைக்கு நான் பேசப்போவது சட்டென்று புரிந்துவிடும். இரவில் பெட்ரோல் ஸ்டேஷனில் நிற்கிறீர்கள். மேலே வெள்ளை எல்இடி விளக்கு. பானெட்டில் அந்த விளக்கு விழுகிற இடத்தைச் சுற்றி நூல் நூலாக வட்டக் கீறல்கள், சிலந்தி வலை பின்னியது மாதிரி. இரண்டடி தள்ளி நின்று பாருங்கள், வலையும் உங்களோடு நகரும். பெயிண்டில் எல்லாத் திசையிலும் கன்னாபின்னாவென்று கிடக்கிற மெல்லிய கீறல்கள்தாம் அவை. விளக்குக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பிவிடுவதால் வட்டமாகத் தெரிகிறது. இதைத்தான் சுழல் கீறல் என்கிறோம். வெள்ளைக் காரிலும் கீறல் இருக்கத்தான் செய்கிறது. கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு பட்டறையில் எனக்குக் கார் போலிஷ் வேலை. "அண்ணே, காடியை நானே வீட்டில் போலிஷ் பண்ணிக்கிறேன், என்ன வாங்கலாம்?" என்று கேட்டு வரும் தம்பிகள் அதிகம். கைத்தொலைபேசியை நீட்டுவார்கள். ஆன்லைன் கூடையில் விதவிதமான போலிஷ் போத்தல்கள் வரிசையாக நிற்கும். மெஷின் இருப்பதிலேயே மலிவானது, அதில் மாட்டித் தேய்க்கும் பேட் ஒன்றே ஒன்று. அந்தக் கணக்கை அப்படியே புரட்டிப் போடச் சொல்வேன். வெள்ளியை மெஷினுக்கும் பேடுக்கும் துணிக்கும் செலவு செய்யுங்கள். போத்தல் ஒன்று போதும், கூடிப்போனால் இரண்டு.

ஏனென்று சொல்கிறேன். இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு படலம் இருக்கிறது. அடிப்பூச்சு, நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். நாம் பிரிண்டரில் போடுகிற ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 100 மைக்ரான். பெயிண்டின் மொத்தத் தடிமனில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான் இருக்கும். சுழல் கீறல் அதன் மேல்பரப்பில் இருக்கிறது. போலிஷ் போடுவது என்றால் கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்து இறக்குவது. தேய்த்தது திரும்ப வராது. அதனால் கடையில் எதை எடுத்தாலும், இது எவ்வளவு வேகமாக வெட்டும் என்று கேட்காதீர்கள். எவ்வளவு குறைவாக வெட்டி வேலையை முடிக்கும் என்று கேளுங்கள். நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் மாட்டினால் அந்தக் கீறல் போலிஷுக்கு அடங்காது, அதை விட்டுவிடுங்கள்.

சரி, மெஷின். பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள், ஒரே அச்சில் விர்ரென்று சுற்றும் ரோட்டரி. நன்றாக வெட்டும், சூடும் ஏற்றும். கதவு விளிம்பிலோ பானெட் மடிப்பிலோ ஒரு கணம் அதிகமாக நின்றுவிட்டால் பெயிண்ட் போய்விடும். விளிம்பில் பெயிண்ட் எப்போதுமே மெல்லிசு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டிஏ மெஷின், வாங்குங்கள். இது சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும். அதிகம் அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். அந்த நிறுத்தம்தான் உங்கள் பெயிண்டைக் காப்பாற்றுகிறது.

டிஏவில் 8, 15, 21 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும், அது ஆட்டத்தின் அகலம். 21 பெரிய தட்டையான பரப்பில் வேகமாக வேலை முடிக்கும், வளைவில் திணறும். நம் ஊரில் ஓடுகிற மைவி, சாகா மாதிரி சின்னக் கார்களில் வளைவுகள்தான் அதிகம். 8 அல்லது 15, பேடை ஒட்டும் ஐந்து அங்குலத் தட்டோடு போதும். வாங்கி வந்ததும் அந்தத் தட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். வேலை செய்யும்போது கோடு சுற்றுவது தெரிந்தால் சரி. ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் கை அழுத்தத்தைக் குறையுங்கள். இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறவர்கள் வோல்ட்டேஜைப் பாருங்கள். நமக்கு 230, 240 வோல்ட். அமெரிக்காவுக்குச் செய்த 120 வோல்ட் மெஷினை மூன்று கால் பிளக் மாற்றிச் சொருகினால் புகைதான் வரும்.

பேட் விஷயத்தில்தான் நிறைய பேர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். ஸ்பாஞ்ச் பேட் வேலை செய்யச் செய்ய சூடாகும், பெயிண்ட் தூளும் போலிஷும் ஏறி அடைத்துக்கொள்ளும். நம் வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நடுப்பகுதி குழைந்து, பின்னால் ஒட்டியிருக்கும் வெல்க்ரோ கழன்று வந்த பேடுகளைப் பட்டறையில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஒரு காருக்கு நடுத்தரப் பேட் குறைந்தது நான்கு வேண்டும், மாற்றி மாற்றிப் போடலாம். ஐந்து அங்குலத் தட்டுக்கு ஐந்தரை அங்குலப் பேட், தட்டு பெயிண்டில் இடிக்காது. நிறத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு நடுத்தரம் என்றால் இன்னொரு கம்பெனியின் ஆரஞ்சு முரடாக இருக்கலாம். உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். கம்பளிப் பேட் இப்போதைக்கு வேண்டாம்.

போத்தலுக்கு வருவோம். தேய்க்கிற போத்தல் இரண்டு வகை: காம்பவுண்ட் முரடு, போலிஷ் மென்மை. முதலில் நடுத்தரப் போலிஷ் ஒன்று. அதைக் கொண்டு பானெட்டில் அரை மீட்டர் சதுரம் மட்டும் செய்து பாருங்கள். பேடில் பட்டாணி அளவு நான்கு சொட்டு, மெஷினின் வேக எண் நான்கிலோ ஐந்திலோ, கையை மெதுவாக நகர்த்தி நாலைந்து சுற்று. கீறல் போனால் கார் முழுவதற்கும் அதே போதும். போகவில்லை என்றால் அப்புறம் காம்பவுண்டைப் பற்றி யோசிக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில போத்தல்கள் கீறலைத் தேய்ப்பதில்லை, எண்ணெய்ப் பசையால் நிரப்பி மறைக்கின்றன. அன்றைக்குப் பளபளவென்று இருக்கும், நாலு மழையில் பழையபடி ஆகிவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீர் கலந்து துணியில் தெளித்து அந்தச் சதுரத்தைத் துடையுங்கள், உண்மை தெரிந்துவிடும். வேக்ஸும் அப்படித்தான், அது பாதுகாப்புக்கு, கீறலை எடுக்காது. கீறலை எடுக்காமலே மேலே செராமிக் கோட்டிங் என்கிற பாதுகாப்புப் பூச்சைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பற்பசை தேய்க்கிறவர்களைப் பற்றி நான் பேசவில்லை.

மிச்சம் எல்லாம் சில்லறைச் சாமான். விளிம்பிலும் கறுப்பு பிளாஸ்டிக்கிலும் ஒட்ட மாஸ்கிங் டேப். போலிஷ் பட்டால் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படிந்துவிடும், லேசில் போகாது. பெயிண்டைத் தடவினால் சொரசொரவென்று இருந்தால், தேய்ப்பதற்கு முன் ஒட்டிய அழுக்கை எடுக்க கிளே பார் என்கிற களிமண் கட்டி. சாயந்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காட்ட ஒரு கைவிளக்கு. மைக்ரோஃபைபர் துணி நிறைய, அதுவும் ஓரத்தில் முரட்டுத் தையல் இல்லாததாக.

துணி என்றதும் சொல்லியாக வேண்டும். இந்தக் கீறல் எங்கிருந்து வருகிறது? கழுவுகிற இடத்தில் நின்று கவனியுங்கள். துணி தரையில் விழும், எடுத்து இரண்டு உதறு உதறிவிட்டு அதே துணியால் கதவைத் துடைப்பார்கள். டயர் பக்கம் போன ஸ்பாஞ்ச் பானெட்டுக்கு வரும். காய்ந்த தூசியை இறகுத் துடைப்பத்தால் தட்டுவதும் இதே கதைதான். வாளி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் ஷாம்பு, மற்றதில் கார் கழுவுகிற கையுறையை அலச வெறும் தண்ணீர். இந்தப் பழக்கம் வராவிட்டால் மெஷினுக்குச் செலவழித்த சில நூறு வெள்ளி வீண்.

விபத்தில் அடிபட்டு மறுபடி பெயிண்ட் அடித்த கதவு இருந்தால் அதன் தடிமன் யாருக்கும் தெரியாது, அங்கே கை வைக்காமல் இருப்பது நல்லது. தேய்க்கும்போது பேடில் காரின் நிறமே ஒட்டி வந்தால் உடனே நிறுத்துங்கள். கிளியர் கோட் இல்லாத பழைய பெயிண்டாக இருக்கலாம், இல்லை கிளியர் கோட் தேய்ந்து போயிருக்கலாம்.

பிளாட் வீட்டில் இருக்கிறோமே, கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளக் ஏது என்று கேட்பீர்கள். தரை வீட்டில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ யாராவது இருப்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள். பானெட்டில் கை வைத்தால் சுடாத நேரமாக, நிழலில் செய்ய வேண்டும். சூட்டில் போலிஷ் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். முழுக் காரையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் மாலை மழை வந்துவிடும், தோளும் இறங்கிவிடும். இந்த ஞாயிறு பானெட்டும் கூரையும், அடுத்த ஞாயிறு கதவுகள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பகல் சாப்பாடும் அங்கேயே ஆகிவிடும்.

நன்றி, வணக்கம்.