அத்தையின் அடுப்பும் ஐம்பது பொட்டலம் முறுக்கும்

வணக்கம் நேயர்களே. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தீபாவளி நெருங்கினால் சாட்ஸ்வர்த் பக்கம் நடக்கும்போதே எண்ணெய் காயும் வாசம் வரும். என் அத்தையும் முறுக்கு, அதிரசம் போட்டு அக்கம்பக்கத்தில் விற்பார். போன வருஷம், எதை எவ்வளவு போடுவது என்று கணக்குப் பார்த்துத் தருகிறேன் என வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அந்தக் கணக்குக்கு லீனியர் புரோகிராமிங் என்று பெயர். தமிழில் நேரியல் திட்டமிடல். கம்ப்யூட்டர் சமாச்சாரமோ என்று பயப்பட வேண்டாம். அமெரிக்க விமானப்படையில் வேலை பார்த்த ஜார்ஜ் டான்சிக் 1947-இல் இதற்கு வழி கண்டார். படைக்கான பயிற்சி, சரக்கு ஆகியவற்றின் திட்டத்தைத்தான் அங்கே புரோகிராம் என்றார்கள்.

சரி, அடுப்புக்கு வருவோம். எந்தப் பொட்டலமானாலும் 200 கிராம் அரிசி மாவு. முறுக்குக்கு அடுப்பில் 10 நிமிடம், லாபம் 20 ராண்ட். அதிரசத்துக்கு 20 நிமிடம், லாபம் 30 ராண்ட். வீட்டில் இருப்பது 20 கிலோ மாவு. மின்வெட்டு போக அடுப்பு எரிவது 25 மணி நேரம்.

அதிரசத்தில்தானே லாபம் அதிகம், அதையே போட்டால் என்ன? 75 பொட்டலத்தோடு நேரம் தீர்ந்துவிடும், 2250 ராண்ட். வெறும் முறுக்கு என்றால் 100 பொட்டலத்தில் மாவு தீரும், 2000. இரண்டிலும் 50 போட்டால் மாவும் நேரமும் ஒன்றாகத் தீர்ந்து 2500 கிடைக்கும். தாளில் வரைந்தால் மாவு ஒரு கோடு, நேரம் ஒரு கோடு. நம்மால் முடிந்ததெல்லாம் அவற்றுக்குள்ளே. சிறந்த விடையை மூலைகளில் தேடினால் போதும். டான்சிக்கின் சிம்ப்ளெக்ஸ் முறை மூலைக்கு மூலை நடந்து, லாபம் இனி ஏறாத இடத்தில் நின்றுவிடும்.

எனக்கு அந்த 2500-ஐ விடப் பிடித்தது வேறொன்று. அடுப்பு இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்தால் 44 முறுக்கு, 56 அதிரசம். லாபம் 60 ராண்ட் ஏறும். மாவு ஒரு கிலோ கூடினால் 50 ஏறும். இதை நிழல் விலை என்பார்கள். கேஸ் அடுப்பின் வாடகை மணிக்கு 60-க்குக் கீழே என்றால் யோசிக்காமல் எடுக்கலாம்.

இதே மாதிரிக் கணக்கில், 1945-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளியலாளர், ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு மிக மலிவான சத்துணவைத் தேடினார். 1939 விலைப்படி 39.93 டாலர் வந்தது. கோதுமை மாவு, முட்டைக்கோஸ், பசலைக்கீரை, டின் பால், காய்ந்த பயறு. சத்துக்குக் குறைவில்லை. ருசி வேண்டும் என்று மட்டும் அவர் கணக்கில் ஒரு வரியும் எழுதவில்லை.

நானும் ஒரு வரியை விட்டிருந்தேன். அத்தை தாளைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, ஐம்பது பொட்டலம் முறுக்கை உன் கோடா பிழியும்? நாற்பதுக்கு மேல் என் மணிக்கட்டு தாங்காது" என்றார். மறுபடி போட்டேன். 40 முறுக்கு, 55 அதிரசம், 2450 ராண்ட். ஐம்பதுதான் குறைவு. ஆனால் ஒரு கிலோ மாவு மிஞ்சியதால் மாவின் நிழல் விலை பூஜ்யத்துக்கு இறங்க, அடுப்பு மணியின் விலை 90-க்கு ஏறிவிட்டது. மாவு வாங்கப் பையோடு வாசலில் நின்ற மாமாவை, கேஸ் அடுப்பு கேட்டுவர அனுப்பினோம்.