டார்ச் செல்லின் தோல் கிழிந்திருக்கிறதா? சார்ஜ் போடும் முன் பாருங்கள்

[காட்சி: உள்ளங்கையில் ஒரு நீல நிற உருளை செல். பின்னால் தேவனாம்பட்டினம் கடற்கரை, காலை நேரம்.]

வணக்கம். என் கையில் இருப்பது 18650 லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவுதான் இதன் பெயர். ராத்திரி கடலுக்குப் போகிறவர்களின் டார்ச், தலையில் மாட்டும் லைட், வீட்டில் இருக்கும் பவர் பேங்க் என்று பலவற்றுக்குள்ளும் இதுதான் உட்கார்ந்திருக்கும்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்ததைக் கடலூர்க்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். பல ஊர்களுக்கு எத்தனையோ நாள் கரண்ட் வரவில்லை. 2024-இல் ஃபெஞ்சல் வந்தபோதும் டார்ச்சும் செல்போனும்தான் துணை. நமக்கு இவ்வளவு வேண்டிய பொருளைத் தண்ணீர் பட்டதும் துடைத்து அப்படியே மறுபடி சார்ஜில் போடுகிறோம். அதைத்தான் இன்று பேச வேண்டும்.

[காட்சி: செல்லின் பாசிட்டிவ் முனை, மிக நெருக்கத்தில்.]

இந்த மேல் முனையைப் பாருங்கள். நடுவில் மேடாக இருப்பது பாசிட்டிவ். அப்படியானால் நெகட்டிவ் எங்கே? அடியில் மட்டும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இந்த இரும்பு டப்பா முழுவதும் நெகட்டிவ்தான். பக்கவாட்டில் ஏறி, மேலே வளைந்து, பாசிட்டிவுக்குச் சில மில்லிமீட்டர் பக்கத்தில் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே வெளியில் இருக்கும் காப்பு ஒரு சின்ன வளையமும் இந்த மெல்லிய நீலத் தோலும்தான்.

தோல் மேல் விளிம்பில் கிழிந்தால், பையில் கிடக்கும் சாவியோ சில்லறையோ இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடும். அப்போது பாயும் கரண்ட் பல பத்து ஆம்பியர். சாவி கையைச் சுடும். செல் அதற்கு மேல் கொதிக்கும். உபரி செல்லை லுங்கி மடிப்பிலோ சட்டைப்பையிலோ போட்டுக்கொண்டு போகாதீர்கள். மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா கடையில் கிடைக்கும்.

செல்லை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு போடும் டார்ச்சில் இன்னொரு சிக்கல். முன் செல்லின் தோல் பக்கவாட்டில் கிழிந்து டார்ச் குழாயைத் தொட்டால், சுவிட்சைப் போட்டதும் பின் செல் ஷார்ட் ஆகும். லைட் எரியாமல் குழாய் மட்டும் சூடானால் உடனே சுவிட்சை அணைத்துக் கீழே வைத்துவிடுங்கள்.

[காட்சி: மேஜையில் துருப்பிடித்த பழைய செல்.]

இது எங்கள் வீட்டுச் செல். தென்பெண்ணை வெள்ளம் வந்தபோது டார்ச்சோடு ஒரு ராத்திரி தண்ணீரில் கிடந்தது. துடைத்து, வெயிலில் காயவைத்து, சாயங்காலம் சார்ஜரில் போட்டேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாடை. பிளக்கைப் பிடுங்கி, செல்லை இடுக்கியால் எடுத்து வெளியே மண் தரையில் வைத்தேன். பக்கத்து அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

காரணம் அதே மேல் இடைவெளிதான். வெள்ளத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும், உப்புத் தண்ணீர் இன்னும் அதிகமாகக் கடத்தும். பாசிட்டிவுக்கும் டப்பாவுக்கும் நடுவே தண்ணீர் நின்றால், பாசிட்டிவ் மூடியை அது கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். வெளியே காய்ந்தது போல இருக்கும். ஆனால் மூடியின் அடைப்பு போயிருக்கும். வாடை வந்தால் உள்ளே இருக்கும் திரவம் கசிகிறது என்று அர்த்தம். அரிசியில் புதைத்து வைத்தாலும் உப்பு போகாது, அரிப்பும் ஆறாது. வெள்ளத்திலோ கடல் தண்ணீரிலோ மூழ்கிய செல்லுக்கு மறுபடி சார்ஜ் வேண்டாம். வாக்கி டாக்கி பேட்டரிக்கும் இதே பேச்சுதான்.

[காட்சி: சார்ஜரில் ஒரு செல், பக்கத்தில் சின்னத் தராசு.]

சரி, நல்ல செல்லை எப்படி சார்ஜ் செய்வது? இந்த வகை லித்தியம் செல் 3.7 வோல்ட், நிறையும்போது 4.2. அங்கே தானாக நிறுத்தும் லித்தியம் சார்ஜர்தான் வேண்டும். ரிமோட்டுக்குப் போடும் 1.2 வோல்ட் நிக்கல் செல்லின் சார்ஜரில் இதைப் போடக் கூடாது. பெரும்பாலான செல்களுக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பது கணக்கு. மே மாதத்தில் படகு கேபினுக்குள்ளும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும் வெயில் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். கரைக்கு வந்ததும் நிழலில் கொஞ்சம் ஆறவிட்டு, டைல்ஸ் தரையில் வைத்து, நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். மெத்தை மேல் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், செல் எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்பதை எம்ஏஎச் என்ற அளவில் சொல்வார்கள். 9800 எம்ஏஎச் என்று அச்சடித்து விற்கிறார்களே, அதை நம்பாதீர்கள். நல்ல தயாரிப்பே இந்த அளவில் 3500-ஐ ஒட்டித்தான் தரும். எடை போட்டுப் பாருங்கள்: தரமான செல் பெரும்பாலும் 45 கிராமை ஒட்டி இருக்கும், 50 வரை போகும். 30 கிராம்தான் காட்டுகிறது என்றால் உள்ளே சரக்கு இல்லை.

செல்போன் பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றால் அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே இரண்டு மின்முனைகளையும் பிரிப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். ஊசி நேராக அதைத்தான் துளைக்கும்.

தீயே பிடித்துவிட்டால் முதலில் மெயின் சுவிட்ச். புகையில் விஷம் உண்டு, குனிந்து உற்றுப் பார்க்கக் கூடாது. சின்னச் சாதனம் என்றால், கரண்டை நிறுத்திய பிறகு தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள்; மண் மூடும், ஆனால் சூட்டைக் குறைக்காது. தீ பெரிதாகிவிட்டால் எல்லோரும் வெளியே வந்து 101-ஐ அழையுங்கள்.

[காட்சி: பழைய செல்லின் இரு முனைகளிலும் டேப் ஒட்டும் கை.]

இந்தத் துருப்பிடித்த செல்லுக்கு இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டுகிறேன். குப்பை வண்டியில் போட்டால் நசுங்கி அங்கேயே பற்றிக்கொள்ளும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கும்வரை, இது எங்கள் வீட்டு வாசலில், நிழலில், ஒரு மண்சட்டிக்குள் தனியாக இருக்கும்.