வாவி நிறையத் தண்ணீர் இருக்க, வெப்பமானிக்கு இரசம் எதற்கு?

வணக்கம் நேயர்களே.

சாதாரண தரப் பிள்ளைகளிடம் "வெப்பமானியில் ஏன் இரசம், அதாவது பாதரசம்?" என்று கேட்டால், காரணங்களைக் கடகடவென்று ஒப்புவிப்பார்கள். மட்டக்களப்புக் கல்லடியில் என்னிடம் படித்த ஒரு மாணவி மட்டும் மறித்துக் கேட்டாள்: "சேர், நம்மட வாவி நிறையத் தண்ணி கிடக்கே, அத ஊத்தினா என்ன?"

ஊற்றித்தான் பார்த்தோம். சின்னக் கண்ணாடி மருந்துப் போத்தலில் சாயத் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, மூடியில் துளையிட்டு, மை தீர்ந்த பேனைக் குழாயைச் செருகி, மெழுகால் அடைத்தோம். உப்புத் தூவிய ஐஸ் சட்டிக்குள் போத்தலை இறக்கியதும் குழாயில் தண்ணீர் மட்டம் இறங்கியது. பிறகு தயங்கி நின்றது. சற்று நேரத்தில், குளிர் கூடிக்கொண்டே போக, மட்டம் மெல்ல மேலே ஏறியது! பிள்ளைகள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

தண்ணீர் 4 பாகை செல்சியஸ் வரைதான் குளிரக் குளிரச் சுருங்கும். அதற்குக் கீழே விரியும். 2 பாகையிலும் 6 பாகையிலும் அதன் கனவளவு ஏறக்குறைய ஒன்றே. அப்படியானால் குழாயைப் பார்த்து எந்த வெப்பநிலை என்று சொல்வது? 4 பாகைக்கு மேலேயும் அது சீராக விரிவதில்லை. 10 பாகையில் விரிவதைவிட, 30 பாகையில் மூன்று மடங்குக்கு மேல் விரியும். சம இடைவெளியில் கோடு போடவே முடியாது.

இரசம் அப்படியல்ல. பாகைக்குப் பாகை ஏறக்குறைய ஒரே அளவாய் விரியும். வெப்பத்தை நன்றாகக் கடத்தும், தன்னைச் சூடாக்கிக்கொள்ளக் கொஞ்ச வெப்பமே எடுக்கும். அதனால்தான் காய்ச்சல்காரப் பிள்ளையின் சூட்டுக்கு விரைவாக ஈடுகொடுக்கிறது. கண்ணாடியில் ஒட்டாது, வெள்ளிபோல் மின்னும். உறைவது மறை 39 பாகையில், கொதிப்பது 357 பாகையில். 1714 இல் பரனைற் (Fahrenheit) என்ற அறிஞர் இரச வெப்பமானியை நம்பகமான கருவியாக்கியதற்கு இந்தக் குணங்களே துணை.

ஆனாலும் சைபீரியாவின் கடுங்குளிரில் இரசமே கட்டியாகிவிடும். அங்கே எதனோல் என்ற மதுசாரம் வேண்டும். அது மறை 114 பாகைவரை உறையாது. இரசத்தைவிட ஆறு மடங்கு விரிவதால் சின்ன மாற்றமும் தெளிவாகத் தெரியும். நிறமில்லாததால் சாயம் கலப்பார்கள். 78 பாகையில் கொதித்துவிடும் என்பதுதான் குறை. ஆய்வுகூடத்தில் கொதிநீரை அளக்கும் சிவப்பு வெப்பமானிகளில் பெரும்பாலும் இருப்பது மண்ணெண்ணெய் போன்ற வேறு சேதனத் திரவம். கச்சான் காற்றடிக்கும் நாட்களில் நம்மூர் முற்றத்துச் சூட்டை அளக்க எதனோலே தாராளம். எந்த வெப்பநிலையை அளக்கப்போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி, திரவம் அதற்குப் பிறகு. வகுப்பில் இதை முதலில் சொல்லிவிட்டால் மனப்பாடம் தேவைப்படாது.

இரசத்தின் ஆவி நஞ்சு. இரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கைப்படி, இரச உடல் வெப்பமானிகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020 உடன் நிறுத்துவதென உலக நாடுகள் தீர்மானித்தன. ஆனால் பழையவை இன்னும் நம் அலுமாரிகளில் கிடக்கின்றன. ஒன்று கைதவறி உடைந்தால், தரையில் உருளும் அந்த வெள்ளி முத்துகளைப் பிள்ளைகள் தொட விடாதீர்கள். யன்னல்களைத் திறவுங்கள். விளக்குமாற்றால் கூட்டினால் முத்துகள் இன்னும் சிதறும். கையுறை போட்டு, இரண்டு தடித்த அட்டைகளால் ஒன்றுசேர்த்து, இறுக மூடும் போத்தலில் இட்டு, மேலே "இரசம்" என்று எழுதி ஒட்டுங்கள். குப்பைக்கோ வாவிக்கோ போட வேண்டாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

வணக்கம்.