நோட்டைத் திறக்காத மாணவன்: திமிரா, தடுமாற்றமா?

[திரையில்: கிருஷ்ணகிரி மாவட்ட அரசுப் பள்ளி. எட்டாம் வகுப்பு, கணக்கு பீரியட். கடைசி பெஞ்சில் மூடிய நோட்டு.]

குரல்: "ஏன்டா எழுதல?" பதில் வராது. இங்கே முதல்ல பிரிச்சுப் பாக்க வேண்டியது, அவனுக்கு எழுத வரலையா, இல்ல எழுதப் பிடிக்கலையா என்பதுதான்.

வகுப்பு முடிஞ்சதும் தனியா மூணு கணக்கு கொடுங்க: கடன் வாங்கிக் கழிக்கிறது, ஒரு வகுத்தல், இன்னைக்கு நடத்தின சதவீதம். முதல் கணக்குலயே நின்னுட்டான்னா, கீழ்வகுப்புப் பாடமே விட்டுப்போயிருக்கு. மூணையும் போட்டுட்டா காரணம் வேற. அப்பா அம்மா பெங்களூருல கட்டட வேலையில இருக்கலாம், இவன் பாட்டி வீட்டுல. தளி, வேப்பனப்பள்ளி மாதிரி மாநில எல்லையோர ஊர்னா வீட்டு மொழி தெலுங்காவோ கன்னடமாவோ இருக்கலாம். வாய்க்கணக்கு டக்குன்னு சொல்றவன் நாலு வரி தமிழ்க் கணக்குல நின்னுடுவான். அதை வாசிச்சுக் காட்டுங்க, அதே மொழி பேசுற பையனைப் பக்கத்துல உக்கார வைங்க.

[திரையில்: கரும்பலகை.]

குரல்: முதல் அஞ்சு நிமிஷம், ஒரே பெட்டி, மூணு கேள்வி. மாங்கா 20 கிலோ, அழுகல் 5 கிலோ. நல்லது எவ்வளவு? அழுகல் எத்தனை பங்கு? எத்தனை சதவீதம்? முதல் கேள்வி அவனுக்குக் கண்டிப்பா வரணும், அதுக்காகத்தான் அது. (தினமும் மாங்கா வேண்டாம், மண்டிக்குப் போற பையனுக்கே சலிச்சிடும்.)

கேள்வி கேட்டதும் மனசுக்குள்ள மூணு வரைக்கும் எண்ணுங்க. ஆசிரியர்கள் சராசரியா 1 நொடிதான் காத்திருக்காங்கன்னு அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். 3 நொடி ஆனதும் பதில்கள் நீண்டது, பேசாத பிள்ளைகளும் பேசினாங்க. இதைக் கெடுக்கிறது முன் பெஞ்சுக் கூச்சல். அதனால எல்லாரும் சிலேட்டுல எழுதி ஒண்ணாத் தூக்கட்டும்.

அப்பவும் மறுத்தா? நாப்பது பேர் பாக்க அவன் தலைமேல நின்னு வற்புறுத்தினீங்கன்னா, எழுதுறதே அவனுக்குத் தோத்த மாதிரி ஆயிடும். பெஞ்சுகிட்ட குனிஞ்சு, மெதுவா, "முதல் கணக்கா, ரெண்டாவதா, எதுல ஆரம்பிக்கிற?"ன்னு கேட்டுட்டு நகர்ந்துடுங்க. ரெண்டு நிமிஷம் திரும்பிப் பாக்காதீங்க. இந்த நகர்றதுதான் பலருக்கும் வராது.

ஒரு வரி எழுதிட்டான்னா, "பாருங்க, இவனே போட்டுட்டான்!"னு சத்தம் போடாதீங்க, அது குத்தல். "கழித்தல் சரி, பங்கை மட்டும் பாரு" போதும். இம்போசிஷனும் வேண்டாம். எழுத்தையே தண்டனையாக்கிட்டு, அப்புறம் ஏன் எழுதலன்னு கேக்க முடியாது.

ரெண்டு வாரத்துல அசைவே இல்லன்னா, ஒரு நாள் முன் பெஞ்சுல உக்கார வைங்க. அங்கே எழுதுறான்னா, பள்ளிக்கு வர்ற மருத்துவக் குழுகிட்ட கண்ணையும் காதையும் பாக்கச் சொல்லுங்க.