மாவும் மாவும் உறவா?

அண்ணாச்சிமாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம். ஓரெழுத்துச் சொல் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச்சு: மா.

மா என்றதும் நமக்கு மரம் நினைவுக்கு வரும். அப்புறம் மாநகர், மாநாடு என்று பெருமைப் பொருள். 'மாவும் மாக்களும் ஐயறிவினவே' என்கிறது தொல்காப்பியம். அங்கே மா விலங்கு. சங்கப் பாடல்களில் பல இடங்களில் குதிரையே மா. கணக்கில் 20இல் ஒரு பங்கு மா. தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்துக்கும் இந்தக் கணக்குதான், 20 மா ஒரு வேலி. நம் தாமிரபரணி வயல்காரரிடம் அது எடுபடாது. எவ்வளவு விதை பிடிக்கும் என்பதை வைத்து நிலத்தை அளக்கும் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்றால்தான் தலையாட்டுவார்.

சீனத்திலும் குதிரைக்கு மா என்றுதான் பேர். உடனே 'பாத்தியளா, தமிழ்தான் அங்கே போயிருக்கு' என்று ஒருவர் கிளம்பிவிடுவார். கொஞ்சம் பொறுங்கள். சீனத்தில் குரலை ஏற்றி இறக்கினால் அதே மா அம்மா, சணல், திட்டுதல் என்று மாறும். இத்தாலியனில் மா என்றால் 'ஆனால்', ஹங்கேரியனில் 'இன்று', எஸ்தோனியனில் 'நான்'. உதட்டை மூடித் திறந்தால் வந்துவிடுகிற ஒலி இது. குழந்தைக்கே முதலில் வாய்ப்பது. எந்த ஊரிலும் ஏதாவது ஒரு பொருள் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். நமக்கு மாமா தாயின் உடன்பிறப்பு. ஜார்ஜியன் மொழியில் 'மாமா' என்றால் அப்பா!

நிஜமாகவே பயணம் போன மா ஒன்று உண்டு. கேரளக் கரையில் 'மாங்ங' என்று கேட்ட போர்த்துக்கீசியர் 'மங்கா' என்றார்கள். அதுதான் ஆங்கிலத்தில் மேங்கோ ஆனது. இதற்கு வழித்தடம் இருக்கிறது. குதிரைக்கு இல்லை.

சரி, உறவை எப்படித்தான் கண்டுபிடிப்பது? நம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தனித்தனிச் சொல்லைப் பார்த்து மயங்காமல், ஒலி மாற்றமும் இலக்கணமும் ஒழுங்காகப் பொருந்துகிறதா என்று பார்த்ததுதான் அதன் பலம். அவரே திராவிடத்தைச் 'சித்திய' மொழிகளோடு (பின்னிஷ், துருக்கி, மங்கோலியம் போன்றவற்றுக்கு அவர் வைத்த பேர்) சேர்த்தார். பின்வந்த அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. ஆள் பெரியவர் என்பதற்காக அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை.

ஒழுங்கு என்றேனே, பாருங்கள். வால்மீகி வேடனைச் சபிக்கும் சுலோகம் 'மா நிஷாத' என்று தொடங்கும். அந்த மா 'கூடாது' என்ற மறுப்பு. கிரேக்கத்தில் அதற்கு 'மே'. தற்செயலா? வடமொழி 'மாதா' அங்கே 'மேட்டேர்'. மாதத்தைக் குறிக்கும் 'மாஸ' அங்கே 'மேன்'. வடமொழியின் ஆகாரம் வருகிற இடத்தில் அங்கே ஏகாரம் வந்துகொண்டே இருக்கிறது. இது ரத்த உறவு. அரபியிலும் மா மறுப்புச் சொல்தான். ஆனால் அது வேறு மொழிக்குடும்பம்; அதைக் கொண்டுவந்து இந்தப் பந்தியில் உட்கார வைக்க முடியாது.