வேலியின் அடிக்கம்பி

அவையோர்க்கு வணக்கம்.

வலசை என்றதும் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பது நம் வழக்கம். நான் பேச வந்திருப்பது காலால் நடந்து வலசை போகிறவற்றைப் பற்றி. வானத்தில் வேலி கிடையாது, தரையில் உண்டு. என் பேச்சு முழுக்க அந்த வேலியைச் சுற்றித்தான்.

வட அமெரிக்கப் புல்வெளியில் பிராங்ஹார்ன் என்றொரு விலங்கு இருக்கிறது. பார்த்தால் மான் என்போம்; மான் குடும்பம் அல்ல. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அந்த வேகக்காரன் இடுப்பளவு வேலியைக்கூடப் பெரும்பாலும் தாண்டுவதில்லை. மறிப்பே இல்லாத சமவெளியில் தழைத்த இனம். தாண்டும் பழக்கம் அதற்கு எதற்கு? வேலியைக் கண்டால் முன்னங்காலை மடக்கி, வயிறு மண்ணில் உரச, அடிக்கம்பிக்குக் கீழே நுழையப் பார்க்கும். அது முள்கம்பியானால் முதுகு கிழியும். முள்ளில் முடி கொத்தாகத் தொங்கும். கம்பி தரையோடு ஒட்டியிருந்தால் அதுவும் நடக்காது. வழி தேடி வேலி ஓரமாகவே நடந்துகொண்டிருக்கும், பனிக்காலத்திலும்.

இதற்கு மருந்து என்ன தெரியுமா? அடிக்கம்பியை மட்டும் முள்ளில்லாத கம்பியாக மாற்றி, தரையிலிருந்து 40, 45 சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டுவது. மாடு உள்ளேயே நிற்கும், பிராங்ஹார்ன் போய்விடும். இவ்வளவுதான்!

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் இந்த விலங்கின் வலசைப் பாதைக்கு 2008-இல் அரசுப் பாதுகாப்பு கிடைத்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த உத்தரவு வனத்துறை நிலத்தின் எல்லையோடு நின்றுவிட்டது. விலங்கு நிற்கவில்லை; அதற்கப்பால் பண்ணைகள், சாலைகள் வழியாக நடந்தது. நெடுஞ்சாலை குறுக்கிடும் இடத்தில் 2012-இல் மேம்பாலங்களும் சுரங்கப்பாதைகளும் கட்டினார்கள். பண்ணை வேலிக்கு அப்படியொரு பாலம் கட்ட முடியாது. அங்கே பண்ணைக்காரர் மனது வைக்க வேண்டும்.

நம் திட்டங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. காட்டுக்குள் கிடக்கும் பாதையைக் காப்பது பெரிய வித்தை அல்ல. இரண்டு காடுகளுக்கு நடுவே ஒருவருடைய வயல், ஒருவருடைய தரிசு, ஓர் ஓடைக்கரை. வரைபடத்தில் பச்சைக் கோடு இழுப்பவர் அந்த வரப்பில் ஒருநாளாவது நடந்திருக்க வேண்டாமா?

வேலி போட்டவரைத் திட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் கால்நடைகளைக் கோமாரி போன்ற நோய்களிலிருந்து காப்பதற்காக நெடுந்தூர வேலிகள் போட்டார்கள். அவற்றில் 1968-இல் எழுந்த ஒன்று, ஒகவாங்கோ ஆற்றுக் கழிமுகத்திலிருந்து மக்காடிகாடி உப்புச் சமவெளிக்குப் போகும் வரிக்குதிரைகளை மறித்துவிட்டது. 2004-இல் அதை அகற்றினார்கள். காட்டு வரிக்குதிரை 36 ஆண்டுகள் வாழ்வதில்லை. ஆகவே பழைய வழியில் நடந்த ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனாலும் சில ஆண்டுகளிலேயே அவை போகவர 500 கிலோமீட்டருக்கு மேல் நடக்கத் தொடங்கியிருந்தன.

உடனே கைதட்டிவிடாதீர்கள். எல்லா விலங்குக்கும் இது வாய்ப்பதில்லை. வேறிடத்தில் கொண்டுபோய் விடப்பட்ட பெருங்கொம்பு ஆடுகள் வலசை போகக் கற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் பிடித்தன என்று 2018-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தாயின் பின்னால் நடந்து குட்டி படிக்கும் பாடம் அது. அறுந்த பாதையை மறுபடி நிலத்தில் திறந்துவிடலாம். மந்தையின் நினைவில் திறப்பது நம் கையில் இல்லை.

விளைச்சலை இழப்பவருக்கு என்ன பதில்? யானை தேனீக்கு அஞ்சும் என்பதை வைத்துக் கென்யாவில் ஒரு வேலி செய்தார்கள். பத்து மீட்டருக்கு ஒரு கூடு, நடுவே கம்பி. யானை கம்பியில் இடித்தால் கூடுகள் ஆடும், தேனீக்கள் கிளம்பும். விவசாயிக்குத் தேனும் மிச்சம். ஆனால் இந்த வேலியையும் யானை நடக்கும் தடத்துக்குக் குறுக்கே போட்டால் அது இன்னொரு தடைச்சுவர்தான். வயலைச் சுற்றிப் போட வேண்டும், தடத்தைத் திறந்து வைக்க வேண்டும்.

எது தடம் என்று யாரைக் கேட்பது? விலங்கின் கழுத்தில் மாட்டி, செயற்கைக்கோள் வழியாக அதன் இடத்தைக் காட்டும் பட்டை சொல்லும். அதற்குமுன் வயல்காரரைக் கேளுங்கள். எந்த மாதம், எந்த மூலையில் வரப்பு மிதிபடுகிறது, எந்தக் கம்பியில் முடி சிக்கிக் கிடக்கிறது என்று அவர் கைநீட்டிக் காட்டுவார்.